நடு இடத்திலிருந்து நான் ஜெயித்த ஆட்டம்

போக்கர் என்னும் சீட்டாட்டத்தை ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்துத் தேறியவன் நான். அந்தப் படிப்பால் நான் சாதித்தது ஒன்றுதான்: தங்கைக்கு வந்த நல்ல வரனை விரட்டியது.

யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. தவக்காலத்து ஞாயிறு. பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் பேச வந்தார். பையனுக்குச் சைகோனில் உத்தியோகம். அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஒரே ஒரு சந்தேகம். எங்கள் அப்பா இருமி இருமி இறந்தவர். அது க்ஷயரோகம் என்று யாரோ ஊதிவிட்டிருந்தார்கள். வைத்தியம் பார்த்த டாக்டர் பிரான்சுக்கே திரும்பிவிட்டார். என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"வெறும் மூச்சிழுப்புதாங்கய்யா. பக்கத்துலயே இருந்து பாத்தவன் சொல்றேன்" என்றேன். சத்தியமான வார்த்தை.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி சொன்னா சரி. ஈஸ்டர் கழிச்சு வெச்சுக்கலாம்."

உள்ளே தங்கை காப்பிக்கு இரண்டு தரம் சர்க்கரை போட்டுவிட்டாள் என்பது குடிக்கும்போது தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, தாய்மாமனையும் அக்கம்பக்கத்தார் இருவரையும் சேர்த்து ஐந்து பேர் சீட்டுக்கு உட்கார்ந்தோம். தவக்காலத்தில் காசு வைத்து ஆடுவது பாவம், ஆகவே புளியங்கொட்டை. ஆடுவதே பாவமா என்று சாமியாரை யாரும் கேட்டதில்லை. எனக்கு நடு இடம். எனக்கு முன்னால் கட்டுபவர்கள் அக்கம்பக்கத்தார், பின்னால் மாமா, கடைசியாக மாப்பிள்ளையின் தகப்பனார். நான் பாடம் நடத்தினேன்: நடுவில் இருப்பவன் முதல் பந்தயம் கட்டினால் கையில் ராஜா ஜோடியாவது இருந்தாகவேண்டும், பின்னால் இன்னும் ஆள் இருக்கிறதே! மத்தியானம் முழுக்க அப்படியே ஆடியும் காட்டினேன்.

கடைசி ஆட்டத்தில் முன்னிருவரும் கட்டவில்லை. என் கையில் இரண்டு ஏழு, மற்றவை உதிரி. முகத்தில் ஒன்றும் காட்டாமல் புளியங்கொட்டையைக் கைநிறைய அள்ளி முன்னே தள்ளினேன். மாமா சீட்டைக் கவிழ்த்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் யோசித்தார்.

"தம்பி சும்மா கட்டாது" என்று தம் ராணி ஜோடியைக் காட்டிவிட்டு விலகினார். கொட்டை எல்லாம் எனக்கு.

நான் சிரித்துக்கொண்டே என் ஏழுகளை விரித்தேன்.

"அடப் போக்கிரி! ராணியவே கவுத்துட்டியேடா!" என்று மாமா தொடையைத் தட்டினார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சிரிக்கவில்லை. "காலையில பேசறப்பவும் தம்பி மொகம் இப்பக் கட்டுனப்ப இருந்த மாதிரித்தான் இருந்துது" என்றார், கோபமில்லாமல். குடையை எடுத்துக்கொண்டார். தெருவரை பின்னாலேயே போய் மறுபடி சத்தியம் செய்தேன். நான் அவ்வளவு கெஞ்சி உண்மை சொன்னதும் இல்லை, அது அவ்வளவு பொய்யாக ஒலித்ததும் இல்லை.

ஈஸ்டர் வந்தது, அவர் வரவில்லை. பிறகு வந்தவர்களும் க்ஷயத்தைக் கேட்டுவிட்டு நழுவினார்கள். தங்கை இன்றும் என்னோடுதான் இருக்கிறாள். பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். என் எழுத்தைப் படித்து நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கவைக்கத் தெரிந்த எனக்கு, நம்பவைக்கவேண்டிய அந்த ஒரே நாளில் அதை அடக்கத் தெரியவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. போன மழைக்காலத்தில், பொழுது போகவில்லை என்று அந்த ஆட்டத்தைச் சொல்லித்தரச் சொன்னாள். முழுக்கக் கேட்டுக்கொண்டு, சீட்டை அடுக்கியபடியே சொன்னாள்:

"அதான் ஜெயிச்சாச்சே. அப்புறம் எதுக்குண்ணே தொறந்து காட்டுன?"