மனசாட்சியைப் பாவமாகச் சொன்னவள்

மாதா கோயிலுக்குத் தையல் வேலை செய்யும் அந்த அக்காவுக்குப் பங்குச் சாமியாரைக் கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லை. பூசை உடுப்பின் அளவைக் கேட்டால் நியாயம். வீடு மாறுவதா, பல்லைப் பிடுங்குவதா என்றுகூட அவர் வாசலில் போய் நிற்பாள். "தும்முறதுக்கும் உத்தரவு வாங்கணுமாக்கா?" என்று தங்கை கிண்டல் செய்வாள். கேட்டுவிட்டால் பாரம் அவர் தலையில் என்று அக்காவுக்கு நிம்மதி. அது பக்தியா, பயமா என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, பாவம்.

தங்கைக்கு அவள்தான் அம்மா மாதிரி. பெற்றவள் கண்ணை மூடியபோது சின்னது கைக்குழந்தை. துணி வெட்டும் மேசைக்கு அடியிலேயே தவழ்ந்து வளர்ந்தது. அந்தத் தங்கை ஒருவனை விரும்பினாள். ஆள் தங்கமானவன்தான். ஆனால் விவாகரத்து ஆனவன், முதல் மனைவி உயிரோடு இருக்கிறாள். சபைச் சட்டப்படி கோயிலில் கல்யாணம் நடக்க வழியே இல்லை. பதிவு அலுவலகம்தான் என்று முடிவானது.

"நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுக்கா. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள் தங்கை.

போ, போய் அவள் பக்கத்தில் நில் என்று அக்காவின் மனசு அடித்துக்கொண்டது. ஜெபம் செய்தால் அடங்கும் என்று பார்த்தாள். ஜெபிக்க ஜெபிக்க அது இன்னும் பலமாகச் சொன்னது. இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். சபை ஒன்று சொல்ல மனசு வேறொன்று சொன்னால் மனசு சொல்வது சாத்தானின் வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் போய் முழந்தாளிட்டாள்.

"சாமி, தகாத கல்யாணத்துக்குப் போகச் சொல்லி எனக்குச் சோதனை வருது."

"சோதனைக்கு எடம் குடுக்காதம்மா. 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் மூணு தடவ சொல்லு" என்றார் சாமியார். அவளுக்குப் பின்னால் பெரிய வரிசை காத்திருந்தது.

கல்யாணத்தன்று காலையில் பீடத்துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.

வருஷங்கள் ஓடின. தங்கை வேறு ஊருக்குப் போய்விட்டாள், பேச்சுவார்த்தை இல்லை. ஓய்வு பெற்றுவிட்ட அதே சாமியாருக்கு ஒருநாள் அங்கியைத் தைத்து எடுத்துப்போன அக்கா, அடக்க மாட்டாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவருக்கு எதுவுமே ஞாபகமில்லை.

"போகணும்னு தோணுனத சோதனைன்னு யாரும்மா சொன்னது?"

"நான்தான் சாமி. நீங்க மன்னிப்புக் குடுத்தீங்க."

அவர் அங்கியை மடித்து ஓரமாக வைத்தார். "ஜெபிக்க ஜெபிக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்குன்னா அது உன் மனசாட்சிம்மா. அதுகிட்ட நானும் கேக்கல, நீயும் கேக்கல. சபை சட்டத்த நான் சொல்லலாம். உனக்குப் பதிலா நான் மனசாட்சியா இருக்க முடியுமா? என்னையும் மன்னிச்சிரு."

வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். தங்கைக்குக் கோபமே வரவில்லை.

"விடுக்கா. அன்னிக்கு அந்த ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குற அம்மா, ஈரக்கையத் தொடச்சுக்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டாங்க. இப்பவும் வீட்டுக்கு வந்து போவாங்க. பிள்ளைங்க அவங்களத்தான் பெரியம்மான்னு கூப்பிடுதுங்க."