விழும்போது மட்டும் பேசுகிறவர்

லஸ் முனைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சாயங்காலம், செத்துப்போன மனிதரின் குரலைக் கேட்டேன். பக்கத்தில் கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஹாரன்களுக்கும் எதிர்க் கடையில் ஓடிய பாட்டுக்கும் நடுவில், "பாலம் என்னுடையது. திரும்பிப் பார்க்காமல் போங்கள்" என்று அந்தக் குரல் சொன்னது. அந்தப் பெண், "சே, கிழவன் போயிட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரையைத் தட்டினாள். விளையாட்டின் அந்த அத்தியாயம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கிழவன் உயிரோடு வந்து நின்றான். பேருந்து வந்ததும் அவள் ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டியதும் அதே பேருந்துதான். ஏறவில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் தலைவர் என்று கூப்பிடுவோம். அடையாறில் ஒரு டிபன் கடையின் மாடியில் இருந்த சின்ன கணினி விளையாட்டு நிறுவனத்தில் அவர் கதை எழுதினார். அவர் எழுதியதைச் சரிபார்த்து, ஒலியோடு சேர்த்துத் திரையில் ஏற்றுவது என் வேலை. பதவியால் அவர் யாருக்கும் தலைவர் இல்லை. நொச்சிக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே ஹவுசிங் போர்டு வீட்டில் மனைவியோடு வாழ்ந்த மனிதர். வாயைத் திறந்தால் இன்னா, கீது, வந்துகினு, போய்கினு. எழுத உட்கார்ந்தால் மட்டும் அவருடைய தமிழ் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வரும். "ராஜா வூட்டு ஆளுங்க நம்மள மாதிரி பேசுனா எவன் நம்புவான் மச்சி?" என்பார். பெண்ணான என்னையும் மச்சி என்றுதான் கூப்பிடுவார். முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு, அவர் அப்படிக் கூப்பிடாத நாளில் என்ன கோபமோ என்று கவலைப்படும் அளவுக்குப் பழகிவிட்டது.

நாங்கள் செய்தது போர் விளையாட்டு. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நிலம். அதில் உங்கள் ஆட்கள் ஒரு பக்கம், எதிரிகள் மறுபக்கம். உங்கள் முறை வந்தால் ஒவ்வொருவரையும் எங்கே நிறுத்துவது, யாரை அடிப்பது என்று யோசித்து நகர்த்த வேண்டும். பிறகு எதிரியின் முறை. கண்மூடித்தனமாகச் சுட்டுத் தள்ளுகிற ஆட்டம் இல்லை, உட்கார்ந்து யோசிக்கிற ஆட்டம். இந்த வகை ஆட்டங்களுக்கென்று ஒரு கதை மரபு உண்டு. முதல் அத்தியாயத்தில் ஓர் ஊர் எரியும். நாட்டை இழந்த ஓர் இளவரசி தப்பி ஓடுவாள். ஒருவன் முன்கோபி, ஒருவன் நிதானி என்று இரண்டு குதிரை வீரர்கள் எப்போதும் ஜோடியாகவே வருவார்கள். காயத்துக்கு மருந்து போடும் ஒரு பயந்த பெண் இருப்பாள். முகமூடி போட்ட ஒருவன் வருவான். அவன் யார் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எதிரிப் படையில் ஒரே ஒரு நல்லவன் இருந்து, கெட்ட ராஜாவுக்குக் கொடுத்த வாக்குக்காக வீணாய்ச் சாவான். நான் இதையெல்லாம் கிண்டல் செய்வேன். தலைவருக்குக் கோபமே வராது. "இட்லின்னா வட்டமாத்தான் கீதுன்னு எவனாவது கொற சொல்றானா?" என்பார்.

அவருக்குப் பிடித்தவர் கிழத் தளபதி. அவரும் மரபுப்படி வருகிறவர்தான். இளவரசியின் அப்பாவுக்குப் பணிபுரிந்த வயதான போர்வீரர், தொடக்கத்தில் மற்ற எல்லோரையும்விடப் பலசாலி. ஆனால் மற்றவர்களைப் போலச் சண்டைக்குச் சண்டை பலம் கூடி வளர மாட்டார். அவரையே சண்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், சின்னவர்களுக்குக் கிடைக்க வேண்டிய அனுபவமெல்லாம் அவருக்குப் போய் வீணாகும். ஆட்டம் தெரிந்தவர்கள் அவரை ஆரம்பத்தில் கொஞ்சம் பயன்படுத்திவிட்டு ஓரமாய் உட்கார வைப்பார்கள், இல்லையென்றால் பாதியில் பலி கொடுப்பார்கள். எங்கள் ஆட்டத்தில் ஒருமுறை விழுந்தவர் அந்தக் கதையில் திரும்பி வரவே மாட்டார். வேண்டுமானால், ஆட்டத்தை 'சேவ்' செய்து பாதுகாத்து வைப்பதற்கு முன்பே அந்த அத்தியாயத்தை மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். இந்தக் கடுமை வேண்டாமே என்று மற்றவர்கள் சொன்னபோது தலைவர் விடவில்லை. "திரும்பி வர்றவன் செத்தா எவன் மச்சி அழுவான்?" என்று கேட்டார்.

இன்னொரு பிடிவாதமும் அவருடையதுதான். பாத்திரங்கள் பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாக மட்டுமே வரும். விழுகிற நேரத்தில் மட்டும் அவரவர் குரலில் ஒரு வாக்கியம் கேட்கும். ஆள் ஆளுக்குக் குரல் வைக்க எங்களிடம் வசதி இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. "உயிரோட கீறவன் பேசுனா எவனும் காது குடுக்க மாட்டான். போறவன் பேசட்டும், அப்ப கேப்பாங்க." நாடகக்காரர்கள் சிலர் வந்து மற்றவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். கிழவருக்குப் பேச வேண்டியவர் மட்டும் வரவில்லை. அதனால் தலைவர் தற்காலிகமாகத் தாமே பேசி, வீட்டில் வெளிச் சத்தம் விழாமலிருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பதிவு செய்து அனுப்பினார். நல்ல ஆள் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

மாற்றவில்லை. அதற்குள் ஒரு நாள் மதியம் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் தலைவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவருடைய மனைவி பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். கூப்பிட்டால் நடந்து வந்துவிடுகிற தூரம். யாரும் கூப்பிடவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? ஆட்டம் வெளிவந்தபோது கிழவரின் குரலை மாற்றலாமா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுக்கிற தைரியம் எனக்கும் இல்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவருடைய கடைக்குப் போயிருந்தேன். தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினார். "அன்னிக்கி காலைல தண்ணி வந்துது கண்ணு. கொடத்த வெச்சிக்கினு கீழ நிக்கிறேன். பைப்புல ஓன்னு சத்தம். மேலேர்ந்து எறங்கி வந்தாரு, வாய அசச்சாரு. போயிட்டு வரேன்னாரோ, இன்னா சொன்னாரோ, காதுல வுழல. நானும் இன்னான்னு கேக்கல. கொடம் ரொம்பிடுச்சே, அதப் பாத்துக்கினு இருந்துட்டேன்." அதன் பிறகுதான் மிஷினை நிறுத்தினார். "அந்த ஆட்டத்துல அவரு பேசிக்கீறாராமே? எனக்கு அதக் கேக்கணும்."

ஒலியை மட்டும் தனியாக எடுத்துத் தருகிறேன் என்றேன். ஒரு நிமிட வேலை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வெட்டி எடுத்துக் குடுத்தா அது வெறும் சத்தம். அவரு கதையில எங்க பேசுறாரோ அங்கியே கேக்குறேன்." அப்போது நான் விதியைச் சொல்ல வேண்டியதாயிற்று. கிழவர் விழுந்தால்தான் பேசுவார். அவரைச் சாகவிட்டால்தான் குரல் கேட்கும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இன்னா கிறுக்குத்தனம்? யாரு வெச்சாங்க இத?" என்றார். தலைவர்தான் வைத்தார் என்றேன். அதற்குப் பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

தலைவருடைய டேப்லெட்டிலேயே அக்கா விளையாட ஆரம்பித்தார். கேட்க ஆசை, சாகவிட மனசில்லை. அதனால் உலகத்தில் யாரும் ஆடாத மாதிரி ஆடினார். கிடைத்த நல்ல கவசம், உறுதியான கேடயம், மருந்துக் குப்பிகள் எல்லாம் கிழவருக்கே. அவரைக் கடைசி வரிசையில், மருந்துப் பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்திவிடுவார். பாவம், சின்னவர்கள் கிழிந்த உடையோடும் மொட்டை வாளோடும் முன்னால் போய் அடி வாங்குவார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் அந்தப் பசங்களுக்கும் குடுங்க" என்பேன். "அவனுங்களுக்கு வயசு கீது, தாங்குவானுங்க" என்பார். யாராவது விழுந்தால் அத்தியாயத்தை மறுபடி தொடங்குவார். இப்படியே ஒருவரையும் இழக்காமல், கிழவர் வாளை உறையிலிருந்து எடுக்காமலே, கதை நகர்ந்தது. அவ்வப்போது எனக்குப் போன் வரும். "இன்னிக்கி பத்திரமா இட்டாந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். யாரைப் பத்திரமாக அழைத்து வந்தார் என்று அவர் சொல்வதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அந்தப் போன் வந்த இரவுகளில் எனக்குத் தூக்கம் சரியாக வராது.

பாலத்து அத்தியாயத்தில் அக்கா மாட்டிக்கொண்டார். பின்னால் பெரும்படை துரத்தி வருகிறது. ஒரே ஓர் ஆள் நிற்கக்கூடிய குறுகலான பாலம். யாராவது ஒருவர் அதை அடைத்துக்கொண்டு நின்றால்தான் இளவரசியும் மற்றவர்களும் அக்கரையில் காட்டுக்குள் தப்ப முடியும். சின்னவர்களை வளர்த்து வைத்திருக்கிற ஆட்டக்காரர்கள் குதிரை வீரனை நிறுத்திச் சமாளித்துவிடுவார்கள். அக்காவின் படையிலிருந்த பிள்ளைகளோ ஓர் அடிக்கும் தாங்காதவர்கள். வாரக்கணக்காக அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஆடியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்.

கடற்கரை லூப் ரோட்டிலிருந்து மீன் விற்கிறவர்களின் கூப்பாடு மாடி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேற வழியே இல்லியா?" என்று கேட்டார். திரையை நன்றாகப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். "இந்த மருந்துப் பொண்ண நிறுத்துனா?" செத்துவிடுவாள் என்றேன். "சின்னப் பொண்ணு" என்றார். பிறகு விரலால் கிழவரைத் தொட்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

எதிரியின் முறை. ஈட்டிகள் வந்தன. கிழவர் விழவில்லை, அக்கா சேர்த்துக் கொடுத்த கவசம் அத்தனையும் அவர் மேல்தான் இருந்தது. முதல் தடவையாக வாளை எடுத்து வீசினார். நம் முறை வந்தது, பிள்ளைகள் அக்கரையில் ஓடினார்கள். மறுபடி எதிரி. மறுபடி நின்றார். "பாரு, எப்டி நிக்கிறாரு பாரு" என்று அக்கா என் முழங்காலில் தட்டினார். அந்த முகத்தில் அப்படியொரு பெருமை. கடைசியாக மருந்துப் பெண் காட்டுக்குள் மறைந்ததும் அடுத்த ஈட்டி வந்தது. எனக்குத் திரையைப் பிடுங்கி அணைத்துவிடலாமா என்றிருந்தது.

"பாலம் என்னுடையது. திரும்பிப் பார்க்காமல் போங்கள்."

அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வாக்கியம் முடிந்த பின்னும் அது சற்று நீளும். அதில் மங்கலாக ஓர் இரைச்சல் இருக்கும். அடுத்த வீட்டு டிவி என்று நினைத்திருந்தேன், தற்காலிகம்தானே என்று வெட்டாமல் விட்டிருந்தேன். அக்கா அது தொடங்கியதும் டேப்லெட்டைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். நானும் தலையைச் சாய்த்தேன். அந்த வீட்டில், அந்தச் சுவர்களுக்கு நடுவில் கேட்டபோதுதான் அது என்னவென்று எனக்கும் புரிந்தது. தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்: "யோவ், சோறு ஆறிப் போவுதுய்யா!" போர்வையை விலக்கி அந்தப் பக்கம் திரும்பியதால் மங்கலாக, தளபதியின் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில், அவசரமாக: "தோ வரேன், இரு."

அக்கா அசையவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி இருந்தது, துடைக்கவில்லை. அத்தியாயத்தை மறுபடி தொடங்கவா, பாதுகாத்துவிட்டுத் தொடரவா என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது. பயத்தில் நான் உளறினேன். "மறுபடி ஆரம்பிக்கலாம்க்கா. திரும்ப வந்துடுவாரு. எத்தன தடவ வேணும்னாலும் கேக்கலாம்."

அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

"அது நானு கண்ணு. கூப்புட்டது நாந்தான்" என்றார். "இதப் பேசுன அன்னிக்கி வரேன்னாரு, சொன்ன மாதிரியே வந்து என் பக்கத்துல குந்தி துன்னாரு." அப்படிச் சொல்லிக்கொண்டே தொடர்வதற்கான பொத்தானை அழுத்தினார். அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். மருந்துப் பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒருவரும் இல்லை.