வழுக்கி விழாத ராசாத்தி

கீரமங்கலம் பூச்சந்தையில் ராசாத்தியின் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. முல்லைக் கூடையை இறக்கும்போதே விலை பேசத் தொடங்கிவிடுவாள். எடையில் யாராவது கையை வைத்தால் சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்பாள். அப்படிப்பட்டவள் ஒரு தை மாதக் காலையில் கமிஷன் கடை வாசலில் சத்தமில்லாமல் சரிந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் மரிய செல்வி நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா ஆச்சு? மாத்திரை எதுவும் சாப்புட்டியா?"

"இல்லங்க. மாசமா இருந்தேன். வழுக்கி விழுந்துட்டேன். தானா கலைஞ்சிருச்சு."

அது அவளுடைய பேச்சு இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவது தங்கியதும், வேண்டாம் என்று அவளும் கணவன் சேவுகனும் முடிவு செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில், ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் வைத்தியம் பார்த்த ஆளிடம் போனார்கள். எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்கேன் இல்லை, பரிசோதனை இல்லை. மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு அவன் சொன்னது இதுதான்:

"ரத்தம் ரொம்பப் போனா ஆஸ்பத்திரிக்குப் போ. வழுக்கி விழுந்துட்டேன், தானா கலைஞ்சிருச்சுன்னு சொல்லு. மாத்திரைன்னு வாயத் தொறந்தா ஒன்னையத்தான் போலீஸ் புடிக்கும்."

கருப்பையைச் சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றி அவளைப் பிழைக்க வைத்தார்கள். மறுநாள் பக்கத்துக் கட்டிலில் ஷர்லி என்ற இளம்பெண்ணைக் கொண்டுவந்து போட்டார்கள். கறம்பக்குடிப் பக்கம். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. வயிற்றில் கை வைக்கவிடவில்லை. வார்டைப் பார்க்க வந்த டாக்டரம்மா கேட்டதற்கு அந்தப் பெண் முனகினாள்.

"வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர். தானா கலைஞ்சிருச்சு."

ராசாத்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு நிமிடம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு குளுக்கோஸ் ஏறுகிற கையைத் தாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, அந்தப் புள்ள விழல. நானும் விழல. ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுதான் சொல்லிக் குடுத்திருக்கான்."

ஷர்லி உடைந்து அழுதாள். மாத்திரை வேலை செய்யாமல் போனதால் அந்த ஆள் உள்ளே ஏதோ கம்பியை விட்டதாகச் சொன்னாள். டாக்டரம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கருப்பையில் துளை விழுந்து சீழ் பிடித்திருந்தது. அதைத் தைத்து, அவளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா ராசாத்தியின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேண்டாம்னு நெனச்சா இங்கயே முறைப்படி கலைச்சிருக்கலாமேம்மா. வீட்டுக்காரர் கையெழுத்துகூட வேணாம். ஒங்க பேர நாங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. இப்படிக் கெட்டுப்போயி வர்ற கேஸ மேலதிகாரிக்குத் தெரியப்படுத்தினாத்தான் அந்தாள நிறுத்த முடியும். வர்றவங்க எல்லாரும் வழுக்கி விழுந்துட்டேன்னா நான் என்னன்னு தெரியப்படுத்துறது?"

"தெரியப்படுத்துங்க. யாரு கேட்டாலும் நான் சொல்றேன்."

சேவுகனுக்கு இது பிடிக்கவில்லை. "நமக்கு எதுக்கு வம்பு? நீ பொழச்சு வந்ததே போதும்" என்றான்.

"நான் பொழச்சுட்டேன். அடுத்து வர்றவ பொழைப்பாளா?"

ஆனால் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பின்னறைக்கு அவளைக் கூட்டிப்போனது தான்தான் என்று அவனாகவே முன்வந்து சொன்னான்.

சுகாதாரத் துறையினரும் போலீசும் சேர்ந்து போய் அந்த ஆளைப் பிடித்தார்கள். அவன் மருத்துவம் படித்தவனே இல்லை. கடைக்கு சீல் வைத்தார்கள். புகார் சொன்னது யார் என்று ஒரு பேப்பரிலும் வரவில்லை. ராசாத்தி வழக்கம்போலப் பூ விற்றுக்கொண்டிருந்தாள். அத்தோடு அவள் ஒதுங்கியிருக்கலாம்.

மே தினத்தன்று ராசாத்தியின் ஊரில் நடந்த கிராமசபையில் அந்த ஆளின் மச்சான் எழுந்தான். "ஏழைக்கு வைத்தியம் பாத்த மனுசன உள்ள வச்சிட்டாங்க. எவளோ ஒருத்தி பொய்யா எழுதிக் குடுத்திருக்கா. பேரச் சொல்லக்கூட அவளுக்குத் தைரியம் இல்ல" என்றான். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ராசாத்தி எழுந்து போய் மைக்கை வாங்கினாள். சந்தையில் கேட்கிற அதே குரலில் பேசினாள்.

"அந்த எவளோ நான்தான். சேவுகன் பொண்டாட்டி ராசாத்தி. என் பேர யாரும் வெளிய விடல. நானாச் சொல்றேன். அவன் குடுத்த மாத்திரையில சந்தையில விழுந்து கெடந்தேன், பாத்தவங்க இங்கயே இருக்கீங்க. வேண்டாம்னு முடிவெடுத்தது எங்க குடும்பத்துச் சமாச்சாரம், அதுக்கு நான் வெக்கப்படல. சாகக் கெடந்தப்பயும் என்னையப் பொய் சொல்ல வச்சானே, அதத்தான் என்னால பொறுக்க முடியல."

கடைசி வரிசையில் அழகம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண் எழுந்தாள். "எம் மகளுக்கும் அவன்தான் குடுத்தான். ஊருக்குப் பயந்து மூடி வச்சிருந்தேன். நானும் வாரேன் சாட்சி சொல்ல." அவள் உட்காருமுன் இன்னொருத்தி எழுந்தாள். மச்சான்காரன் எப்போது நழுவினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

வழக்கு விசாரணையில் நீதிபதி ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்களின் சாட்சியத்தைக் கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எத்தனை விதமாக மடக்கிப் பார்த்தும் ராசாத்தி அசரவில்லை. பூ விலையில் பேரம் பேசிப் பழகிய வாய். அந்த ஆளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தீர்ப்பன்று புதுக்கோட்டை கோர்ட் வாசலில் ஷர்லி காத்திருந்தாள். உடம்பு தேறி, முகம் தெளிந்திருந்தது. ராசாத்தியைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க மட்டும் எந்திரிக்கலன்னா..."

"அதெல்லாம் விடு. பசிக்குது, வா. பரோட்டா திம்போம்."

அழகம்மாளையும் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓட்டலுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் இலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.