பதினோரு கேள்விகளும் ஒரு மேடும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மே மாதம், ஆவடியை அடுத்த வெள்ளானூரில் நடந்தது இது. நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்த என்னை டில்லி அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"கார் முதல்ல போகட்டும். முழுசாப் போய்ச் சேர்ந்துதுன்னு போன் பண்ணுங்க. அப்புறம் நான் ரயில் ஏர்றேன்."

நியாயமான நிபந்தனைதான். எனக்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வருகிறாள். அந்த வேலையில் சம்பாதித்து அவள் வாங்கியது அந்த நீல நிறக் கார். ஓட்டுவதும் அவள்தான், எனக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டீயரிங்கை ஒட்டி கியர் உள்ள பழைய வண்டி, அவள் கைக்கு மட்டுமே கட்டுப்படும்.

காரை லாரியில் ஏற்றி அனுப்பும் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. விசாரிப்பதுதான் என் தொழில். ஒரு நோட்டில் பதினோரு கேள்விகள் எழுதிக்கொண்டேன். இன்சூரன்ஸ் உண்டா, டில்லியில் கிளை உண்டா, எத்தனை நாளாகும் என்று வரிசையாகப் போகும். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஏழு கம்பெனிகளில் ஏறி இறங்கினேன்.

அதில் ஒன்று நசரத்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. லுங்கி கட்டிய பாய் ஒருவர் டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பிரித்தேன்.

"டில்லியில ஆபீஸ் இருக்கா பாய்?"

"ஆபீஸ் இன்னாத்துக்கு சார்? வண்டிதானே போவுது."

பதினோரு கேள்விகளுக்கும் இதே தினுசில் பதில். கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஊட்டாண்ட மேடு எதுனா கீதா சார்?"

வெள்ளானூரில் அப்போது மனை விற்பனை சூடுபிடித்திருந்தது. மனிதர் இடம் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். "மேடெல்லாம் இல்ல பாய். எங்க தெரு பள்ளம். மழை பேஞ்சா தண்ணி நிக்கும், வாங்காதீங்க" என்று நல்ல மனதோடு எச்சரித்தேன்.

"அப்ப கஷ்டம் சார், நீங்க இங்கதான் வந்தாவணும்" என்று அவர் வருத்தமாகத் தலையாட்டினார். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே, "தொழிலில் கவனமில்லை. மனை வியாபாரத்தில் ஆர்வம்" என்று எழுதி அடித்துவிட்டேன்.

தேர்வானது அம்பத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட கம்பெனி. சுவரில் இந்திய வரைபடம், அதில் சிவப்பு ஊசிகள். டை கட்டியவர் என் பதினோரு கேள்விகளுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. பின்கதவைத் திறந்தார்கள். லாரியின் தளம் என் மார்பு உயரத்தில் இருந்தது. கார் தரையில் இருந்தது. நானும் டிரைவரும் சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம்.

"எப்படி சார் ஏத்தப் போறீங்க?" என்றார் டிரைவர்.

"அதை நீங்கதானே சொல்லணும்?"

"பார்ட்டி ஏத்திக் குடுக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்களே!"

தெருமுனை பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். டை கட்டியவர் மாறாத மரியாதையுடன், நான் கையெழுத்திட்ட தாளின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். ஒன்பதாவது நிபந்தனை: ஏற்றித் தருவது வாடிக்கையாளர் பொறுப்பு. ஊராரையெல்லாம் துருவி விசாரித்துச் சம்பளம் வாங்கியவன், அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் திரும்புவதற்குள் தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கட்டிலைக் கொண்டுவந்து சாய்த்துப் பார்த்தார். இன்னொருவர், "பன்னண்டு பேரு கை வெச்சா பூ மாரி தூக்கிர்லாம் மாமே" என்றார். பன்னிரண்டு பேர் கை வைத்தார்கள். கார் அசையவில்லை, முன்பக்க பம்பர் மட்டும் தனியாக மேலே வரத் தொடங்கியது.

"எல்லாரும் கையை எடுங்க!" என்று மனைவி கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க பதினோரு கேள்வியில இது இல்லையா?"

டிரைவர்தான் வழி சொன்னார். "நசரத்பேட்டையில ஒரு பாய் கீறாரு சார். லாரி ஒசரத்துக்கு மண்ணு மேடு கட்டி வெச்சிகீறாரு. இந்தாண்ட எல்லா கம்பெனி காரும் அங்கதான் ஏறும்."

வழி கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

பாய் அதே டயர் மேல் உட்கார்ந்திருந்தார். "வாங்க சார், மேடு கெடிச்சிதா?" என்றார். நான் பம்பரைப் பார்த்தேன்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்த மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தி, நடுவில் இரண்டு பலகைகள் போட்டார்கள். லாரி டிரைவருக்கு எங்கள் கியர் பிடிபடவில்லை. இரண்டு முறை கார் சரிவில் பின்னால் வழுக்கியது. மூன்றாம் முறை மனைவி புடவையைச் செருகிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஒரு சாண் பிசகினாலும் கார் பள்ளத்தில் கிடக்கும். டில்லிப் பயணமும் அதோடு கிடக்கும்.

பாய் லாரிக்குள் போய் அவளைப் பார்த்து நின்றார். "தங்கச்சி, பலகையப் பாக்காத. என் கையப் பாரு. வா... வா... அவ்ளோதான்!"

கார் உள்ளே போய் நின்றது. ஆனால் அவளால் வெளியே வர முடியவில்லை. இரு பக்கமும் லாரியின் மரச்சுவர். கதவு நாலு விரல்தான் திறந்தது. ஜன்னல் வழியாகத்தான் வர வேண்டும், அதுவும் புடவையில், பதினைந்து ஆண்கள் முன்னால்.

பாய் யோசிக்கவே இல்லை. "தார்ப்பாய இஸ்து மறைச்சிக் கட்டுங்கடா. எல்லாம் அந்தாண்ட திரும்பு. சார், நீங்களுந்தான்."

நானும் நெடுஞ்சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். திரும்பியபோது அவள் தரையில் நின்று, கையில் யாரோ கொடுத்த டீயுடன், சிரித்துக்கொண்டிருந்தாள். பாய் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கயிற்றைத் தானே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது உங்க லோடு இல்லையே பாய்?" என்றேன்.

"யாரு லோடா இருந்தா இன்னா சார்? போய்ச் சேர வேண்டியது தங்கச்சி காராச்சே."

பத்தாம் நாள் கார் டில்லிக்கு வந்தது. பம்பரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், வேறு ஒரு கீறலும் இல்லை. அன்றே போன் செய்தேன். அந்த வாரமே அவள் ரயிலேறினாள். யாரிடமாவது ஒரு வேலையை ஒப்படைக்கப் போகும்போது, இன்றுவரை நான் கேள்விகள் எழுதிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் அவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.