இடக்கைக்கு எட்டும் சொற்கள்

அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. முப்பது வருஷமாக சலூன் நடத்துகிறவர். பலகையில் கடைக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. ஆனால் யாரிடம் வழி கேட்டாலும் "ரேடியோ கடைக்கு எதிர்ல" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி, பாடாத ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏமாந்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்துப் பேசிப் பேசி, முடியை வெட்டித்தான் அனுப்புவார்.

அப்படி என்ன பேசுவார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. எதிராளி விட்ட வார்த்தை தரையில் விழுவதற்குள் பிடித்துத் திருப்பி அடிப்பார், அவ்வளவுதான். "வீட்டுல நான் வச்சதுதான் சட்டம்" என்று நாற்காலியில் இருப்பவர் ஆரம்பித்தால், "வீட்டுல யாரும் இல்லாதப்பவா?" என்று பின்னாலிருந்து வந்துவிடும். பெஞ்சில் இருப்பவர்கள் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். முடி வெட்டிக்கொண்ட பிறகும் எழுந்து போக மனசில்லாமல் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஐம்பத்தாறு வயதில் தொண்டை கம்மியது. சளி என்று நினைத்தார். மூன்று மாதமாகியும் விடவில்லை. கடைசியில் டாக்டர் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். "உயிருக்குப் பயமில்ல. குரல்தான் இருக்காது." ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம்வரை பக்கத்துக் கட்டில்காரரோடு வம்பளந்துகொண்டிருந்தார். மறுநாள் கண் விழித்தபோது கழுத்தில் ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. பேச்சு இல்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடை திறந்தார். துளைக்குள் முடித்தூள் போய்விடக் கூடாதென்று அவர் மனைவி மெல்லிய பருத்தித் துணியில் கழுத்துப்பட்டி தைத்துக் கொடுத்திருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று மாற்ற வேண்டும். கை என்னவோ பழைய கைதான், கத்தரி பழகிய வேகத்தில் ஓடியது. வாடிக்கைக்காரர்களும் வந்தார்கள். ஆனால் போனது குரல்தான், காது இல்லை என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. காதருகே குனிந்து, "பின்னாடி… கொஞ்சம்… குறைங்க!" என்று கத்தினார்கள். நாளடைவில் அதுவும் நின்றது. அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து, தலையைக் கொடுத்து, போனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கத்தரிக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அதோடு, முதல் நாளே ஒரு குழந்தை அதன் இயந்திரக் குரலைக் கேட்டு வீலென்று அலறி, பாதித் தலையோடு அப்பா தோளில் ஏறிக்கொண்டது. கருவி பெட்டிக்குள் போனது. சிலேட்டில் எழுதிக் காட்டலாம்தான். ஆனால் கத்தரியைக் கீழே வைத்து, சாக்பீஸைத் தேடி, எழுதி நிமிர்வதற்குள் பேச்சு நாலு தெரு தாண்டியிருக்கும். அவர் ஏங்கியது குரலுக்குக்கூட இல்லை. ஒருத்தர் பேசி நிறுத்தும் அந்த ஒரு நொடிக்குத்தான். அது கண்ணெதிரே வந்து வந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

இதை முதலில் கவனித்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பாளன். நாற்பது வயதிலேயே தலை பளபளவென்று ஆகிவிட்டதால், மாமாவிடம் அவன் வாங்காத பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கிண்டல்கூட வரவில்லை. அவனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

அடுத்த வாரம், பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்ட ஒரு லேப்டாப்போடு வந்தான். அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தான்.

"இது ஊர் பொதுக் கிணறு மாதிரி மாமா. யாரும் இறங்கலாம், நமக்குப் பிடிச்ச மாதிரி படி கட்டிக்கலாம், ஏன்னு கேக்க ஆள் கிடையாது" என்றான். "நீங்க அடிங்க, அது பேசும்."

செட்டிங்ஸைத் திறந்து, கீபோர்டுக்குப் போய், மொழிப் பட்டியலில் தமிழைத் தேடி, தமிழ்99 என்ற வரிசையைச் சேர்த்தான். அதன்படி பட்டன்மேல் எழுத்து ஒட்டினான். ரேடியோ ஒரு வாரம் உட்கார்ந்து பழகினார். இரண்டு கையாலும் அடித்தால் ஓரளவு வந்தது. ஆனால் முடி வெட்டும்போது வலக்கையில் கத்தரி இருக்குமே? சீப்பைத் தலையிலேயே செருகிவிட்டால் இடக்கை மட்டும் மிஞ்சும். இடக்கையால் அடித்துப் பார்த்தபோதுதான் சங்கடம் புரிந்தது. அந்த வரிசையில் இடப்பக்கம் முழுக்க உயிரெழுத்து. மெய்யெல்லாம் வலப்பக்கம். 'வ'வும் 'ங'வும் மட்டும் வழி தவறி இந்தப் பக்கம் வந்திருந்தன.

அவர் மச்சினனைக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் நிதானமாக அடித்துக் காட்டினார்: "உயிரை மட்டும் வச்சுக்கிட்டு என்னடா பேசுறது? ஆ, ஊன்னு கத்தத்தான் முடியும்."

"வா, வை… ரெண்டு சொல்லு முழுசா வருதே மாமா."

அவர் வாயைத் திறந்து சிரித்தார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மச்சினன் யோசித்தான். யாருக்கும் உதவாமல் கிடக்கும் கேப்ஸ் லாக்கை கம்போஸ் பட்டனாக மாற்றினான். அதைத் தட்டிவிட்டு இன்னும் இரண்டு எழுத்தைத் தட்டினால், ஒரு முழு வாக்கியமே திரையில் விழும். டேப் பட்டனைத் தட்டினால் லேப்டாப் அதை உரக்கப் படிக்கும். எந்த இரண்டு எழுத்துக்கு எந்த வாக்கியம் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இடக்கைக்கு எட்டுறது பதினஞ்சு பட்டன். ரெண்டு ரெண்டா தட்டினா இருநூத்தி இருபத்தஞ்சு பேச்சு. போதுமா?"

ரேடியோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கே காணாது என்று கையாட்டினார்.

ஆனாலும் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் சிலேட்டில் எழுத, மச்சினன் கோப்பில் ஏற்றினான். "அப்படிப் போடு!" "யாரு சொன்னா?" "தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்." "இதை வீட்டுல சொல்லிப் பாருங்களேன்." நடுநடுவே மச்சினனுடைய தலையும் வந்தது. "உனக்கு வெட்டுறதுக்கு இல்ல, தேடுறதுக்குத்தான் கூலி" என்ற வரியை அவன் தானே அடித்து, தானே தட்டி, லேப்டாப் அதைப் படித்து முடிக்கும்வரை தலையைத் தடவிக்கொண்டு கேட்டான்.

மூன்றாவது நாள் ஒரு தப்பு நடந்தது. வெகுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் தாடியோடு வந்து உட்கார்ந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். கண்ணாடியைப் பார்த்தபடி, "எங்க அண்ணன் போயிட்டாருங்க" என்றார். ரேடியோவின் கை பதறிக்கொண்டு கீபோர்டுக்குப் போனது. லேப்டாப் உரக்கச் சொன்னது: "அப்படிப் போடு!"

ரேடியோ கத்தரியைப் போட்டுவிட்டுக் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது. வேன்காரர் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார்.

"பட்டன் மாறிடுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"சரி விடுங்க. வேலையைப் பாருங்க."

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அ இரண்டு தரம் தட்டினால் "அப்படிப் போடு", 'அ'வும் 'ஆ'வும் தட்டினால் "அடப்பாவமே". 'அ'வுக்கு நேர்மேலே 'ஆ'. விரல் ஒரு நகம் அளவு நழுவினால் போதும். சாயங்காலம் மச்சினனை வரவழைத்து எல்லாவற்றையும் மாற்றினார்கள். துக்கம், அனுதாபம், ஆறுதல் எல்லாம் கீழ் மூலைக்குப் போயின. ஔ என்ற எழுத்தை யாரும் தொடுவதேயில்லை. அதைத் தட்டினால்தான் துயரமான பேச்சு எதுவும் தொடங்கும். கிண்டலெல்லாம் விரல் சும்மா கிடக்கும் நடு வரிசையில். மாற்றியது பிடிப்பதற்காக லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்து, ஒவ்வொன்றையும் இருபது தரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினார்.

பெஞ்சு மெல்ல மெல்ல நிறைந்தது. ஒரு நாள் ஒருத்தர், "நான் பொய்யே சொல்றதில்ல" என்று முடித்த அதே நொடியில், "யாரு சொன்னா?" என்று லேப்டாப் கேட்டது. கடை குலுங்கியது. ரேடியோவின் முகத்தில் பழைய களை வந்தது.

ஆனால் கடை காலியானதும் அது மங்கிவிடும். அந்தக் குரல் மூக்கடைத்த ஒருவன் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நேற்று எழுதிவைத்ததைத்தான் இன்று எடுக்க முடிந்தது. முன்பெல்லாம் தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வாயிலிருந்து வந்த பிறகு, கேட்டு அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சுகம் எந்தப் பட்டனிலும் இல்லை.

வீடு கடைக்கு நேர் மேலே. குரல் இருந்த காலத்தில் ஏதாவது வேண்டுமென்றால் அவர் படிக்கட்டில் தலையை நீட்டி, "கேக்குதா?" என்பார். மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார், கல்யாணமான நாளிலிருந்து. அவளும் மேலேயிருந்து, "கேக்கல!" என்பாள். பெஞ்சு சிரிக்கும். அதற்குள் அவள் பாதிப் படி இறங்கியிருப்பாள்.

மச்சினனிடம் சொல்லாமல், அந்த ஒரு வரியை மட்டும் அவரே கோப்பைத் திறந்து எழுதினார். ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது, லேப்டாப்பில் மாட்டியிருந்த ஸ்பீக்கரைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவைத்துத் தட்டினார்.

"கேக்குதா?"

மேலே பாத்திரச் சத்தம் நின்றது. இன்னொரு தரம் தட்டினார். அவள் இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றாள். கை ஈரமாக இருந்தது.

"இதை மட்டும் அதுல சொல்லாதீங்க" என்றாள்.

அவர் ஏன் என்று கையைக் காட்டினார்.

"யாரோ ஒருத்தன் என்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கு. மத்தது எல்லாம் சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன். இது வேணாம்."

அவர் இரண்டு கையையும் கீபோர்டில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அவள் திரையைப் பார்க்காமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப எப்படிக் கூப்பிடுறது?" என்று லேப்டாப் கேட்டது.

"ஏறி வாங்க" என்றாள். "பதினெட்டுப் படிதானே."

அன்றே அந்த வரியை அழித்துவிட்டார். இப்போது ஏதாவது வேண்டுமென்றால் ஏறித்தான் போகிறார். கழுத்துப்பட்டிக்குள் மூச்சு இரைக்கும். கடைசிப் படிக்கு முன்னால் நின்று ஆற்றிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து, அவள் முதுகைப் பார்த்தபடி இருப்பார். அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். எவ்வளவோ சொல்ல இருக்கும். அவள் திரும்பாமலே, "மூச்சு வாங்குதுல்ல? செத்த உக்காருங்க" என்பாள்.

உட்கார்ந்துவிடுவார். கீழே நாற்காலியில் ஒருத்தர், ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு, அவர் வரட்டும் என்று காத்திருப்பார்.