எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை சாலு

கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு வாசிக்கிறவனுக்கு இருக்கும் ஒரே பொறுப்பு, கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை சத்தம் நிற்காமல் பார்த்துக்கொள்வது. செங்கல்பட்டு மெல்லிசைக் குழு ஒன்றில் பதினான்கு வருடம் இந்தப் பொறுப்பை வகித்தேன். என்னைப் போல மேடையில் நின்று அவதிப்பட்டவர்களும், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைத்து அவதிப்பட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்கள் காதுக்கு நேர்ந்ததில் பெரும்பங்கு என்னுடையதல்ல, சாலமன் அண்ணனுடையது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் பழியை அவர் தலையில் போடுவது வசதியாகவும் இருக்கிறது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன பெட்டி

திருவிடந்தைக்காரரான சாலமன் அண்ணன் தொண்ணூறுகளில் மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் இருந்தார். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது பாதி கரைந்த சோப்பு, பழைய செருப்பு, பாட்டு கேசட் எல்லாம் விட்டுப் போவார்கள். மற்றவர்கள் சோப்பை எடுத்துக்கொண்டார்கள், இவர் கேசட்டை எடுத்துக்கொண்டார். ஒருவன் போகும்போது, எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கும் ஒரு பெட்டியையே இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஒரே வருடத்தில் எங்கள் கடற்கரைக்கு ஒரு ஹிப் ஹாப் புரொடியூசர் கிடைத்துவிட்டார். வீட்டு வாசலில் அப்படித்தான் போர்டு எழுதி மாட்டினார். திருப்போரூரில் மனை விற்கிறவர் ஒருவர் அதை நம்பி, மச்சினனின் போட்டோவோடு வந்து சினிமா சான்ஸ் கேட்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குழுவின் முதலாளிக்கு எந்த வாத்தியமும் தெரியாது, ஆகவே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டோம். கீபோர்டில் போடும் ஃபிளாப்பியில் புது ரிதம் ஏற்றி வாங்கி வா என்று மாஸ்டர்தான் என்னை அனுப்பினார். சங்கீதப் பரீட்சையில் இரண்டு கிரேடு பாஸ் செய்தவன் என்ற திமிரில், ஹிப் ஹாப் என்றால் என்ன இலக்கணம் என்று கேட்டேன். சாலமன் அண்ணன் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “நாலு அடி அடிச்சி, அதையே திருப்பித் திருப்பி அடிக்கணும் தம்பி. எங்க வூட்டு சண்ட மாரி, அவ்ளோதான்.”

பூட்டு

அவருடைய ரிதத்தில் மீன் வெட்டும் கத்தியின் சத்தம் இருக்கும், கண்டக்டர் விசில் இருக்கும், கல்பாக்கம் பஸ்ஸின் தகரக் கதவு அறைந்து சாத்தும் சத்தமும் இருக்கும். போட்டால், மொய்க் கவரை வேட்டியில் செருகிக்கொண்டு உம்மென்று இருக்கும் பெரியவர்களின் கால்கூட ஆடும். அதை முதலில் திருடிய பெருமை என்னுடையது. மதுராந்தகத்து நண்பனுக்கு ஒரு காப்பி கொடுத்தேன். அவன் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மூன்றே மாதத்தில் இந்த வட்டாரத்துக் குழு எல்லாவற்றிலும் அந்த ரிதம் வந்துவிட்டது.

சாலமன் அண்ணன் சண்டைக்கு வரவில்லை. சந்தோஷமாகவே அடுத்த ஃபிளாப்பியைக் கொடுத்தார். திருப்போரூரில் திருவிழாக் கச்சேரி. இரண்டாவது பாட்டில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், “சாலு கீறேன்!” என்று கத்தியது. சாலமன் அண்ணன்தான், பேரைச் சுருக்கி, இருக்கிறேன் என்று ஆஜர் கொடுத்திருந்தார். பாடகி திரும்பி என்னை முறைத்தாள். எட்டுச் சுற்று போனதும் மறுபடியும் “சாலு கீறேன்!” தாளமும் குரலும் ஒரே சத்தமாகப் பதிந்திருந்ததால் உரித்து எடுக்க வழியில்லை. மறுநாள் போய்ச் சத்தம் போட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “உன்னால எட்டு பேருக்கு போச்சி. நான் எட்டு சுத்துக்கு ஒரு தபா வந்து பாத்துகினு போறேன். இதுல இன்னா தப்பு?”

நெம்மேலி பேண்டு

பூட்டு போட்டால் திருட்டு நிற்கும் என்பது சாலமன் அண்ணனின் நம்பிக்கை. எங்கள் தொழிலை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. குரலோடு சேர்த்துத் திருடினார்கள். கோயில் மேளக்காரர் ஒருவர் எட்டாவது சுற்றில் மரியாதையாக ஒரு இடம் விட்டு அடிக்க ஆரம்பித்தார்.

உச்சம் நெம்மேலியில் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் ஐந்து பேர் டிரம் அடித்துக்கொண்டு போனார்கள். அவர்களிடம் கீபோர்டும் இல்லை, ஃபிளாப்பியும் இல்லை. எங்கோ காதால் கேட்டுப் பழகியவர்கள். எட்டுச் சுற்று முடிந்ததும் ஐந்து பேரும் குச்சியைத் தூக்கி ஒரே குரலில், “சாலு கீறேன்!” என்றார்கள். சாலு யார் என்று அவர்களின் தலைவரிடம் கேட்டேன். “அதெல்லாம் தெர்யாது அண்ணாத்த. தாளத்துல வருது, வுட்ற முடியுமா?” என்றார். இதைச் சொன்னால் சாலமன் அண்ணன் கொதிப்பார், வேடிக்கை பார்க்கலாம் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அஞ்சு பேருமேவா கத்துனாங்க?”

துக்கம் விசாரித்தவர்கள்

மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். கீழாநெல்லி பார்த்துக்கொள்ளவில்லை. நாற்பது தாண்டி ஒரு வருடம்கூட ஆகாத மனிதர். நான் அன்றைக்கு அழுததுபோல் என் சொந்தக்காரர் யாருக்கும் அழுததில்லை.

அடக்கத்துக்குப் பதினான்கு குழுக்களின் ஆட்கள் மாலையோடு வந்தார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு டீ வாங்கிக் கொடுக்காதவர்கள், ரோஜா மாலை வாங்கி வந்திருந்தார்கள். அவர் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அனுமதி கேட்காமல் நடந்தார்கள் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். எலெக்ட்ரிக் டிரம்மான பேடு வாசிக்கும் ஒருவன் என் தோளில் சாய்ந்து தேம்பினான். நானும் தேம்பினேன். தேம்பலுக்கு நடுவே என் காதில் கேட்டான்: “அண்ணாத்த, அந்தப் பொட்டி இப்ப யார்கிட்ட கீது?”

தாய்மாமன்

அடுத்த மாதம் செங்கல்பட்டில் ஒரு ரிசப்ஷன். பெண்ணின் தாய்மாமன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ரிதத்தில் கத்துகிறவர் இறந்துபோனவர் என்று எவனோ ஒரு புண்ணியவான் அவரிடம் சொல்லிவைத்திருந்தான். மாஸ்டர் என் காதைக் கடித்தார். எட்டாவது சுற்று வரும்போதெல்லாம் காலால் பெடலை அமுக்கிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாசித்தேன். கைகளில் பாட்டு, காலில் பெடல், மனசில் எண்ணிக்கை. ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

அப்போது ஒரு அத்தை மேடையேறி வந்து, அவர் பையனுக்குப் பிடித்த பாட்டை உடனே போடச் சொன்னார். எண்ணிக்கை தவறிவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் தாய்மாமன் காலில் விழுந்த அந்த நொடியில், மண்டபம் அதிர “சாலு கீறேன்!” அவர் எங்கள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பையனை எழுப்பி நிறுத்திக் கேட்கிற தோரணையில் கேட்டார்: “ஏம்ப்பா, கருமாதி முடிஞ்சவரைக் கல்யாணத்துக்கு யார் அழைச்சது?”

நாலு முகூர்த்தம்

அடுத்து வந்த தை மாதத்தில் எங்களுக்கு நாலு கல்யாணம் கைவிட்டுப் போனதற்குக் காரணம் நான்தான். மாஸ்டர் எதையும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன். தாய்மாமன் கேட்டது ஊரெல்லாம் பரவி, செத்தவர் குரல் வருமா என்று விசாரித்துவிட்டுத்தான் எங்களிடம் பேசவே ஆரம்பித்தார்கள். குரல் இல்லாத ரிதம் கொண்டு வா, இல்லாவிட்டால் வேறு கீபோர்டுக்காரனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மாஸ்டர். என் பெண்ணை அந்த வருடம்தான் ஸ்கூலில் சேர்த்திருந்தேன். திருவிடந்தைக்கு பஸ் ஏறினேன்.

சாலமன் அண்ணனின் மனைவி எஸ்தர் அண்ணி காரணம்கூடக் கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து, குரல் சேர்ப்பதற்கு முன்னால் அவர் எடுத்து வைத்திருந்த ஃபிளாப்பியை என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். தாய்மாமன் கேட்டதையும் உளறிவிட்டேன். அண்ணி கோபப்படவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் நிறைந்திருந்தது. நான் அந்த ஃபிளாப்பியை டப்பாவிலேயே வைத்துவிட்டு வந்தேன். கடற்காற்றில் பூஞ்சை பிடித்துப்போச்சு என்று மாஸ்டரிடம் சொன்னேன். தை முழுக்க ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றேன், எங்கள் பாடகி ஜவுளிக் கடை வேலைக்குப் போனாள். எல்லாம் அண்ணி அன்றைக்குச் சொன்ன வார்த்தையால் வந்தது: “எங்க அண்ணன் கல்யாணத்துக்கு இவரு வரல. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கும் வரல. அந்தப் பொட்டி முன்னாடியே குந்திகினு கெடந்தாரு. இப்பதான் ஊர்ல ஒரு கல்யாணம் வுடாம போறாரு. நீ வோணும்னா தடு தம்பி, நான் தடுக்க மாட்டேன்.”

கச்சேரித் தொழிலில் உயிரோடு இருக்கிறவனுக்கு மரியாதை கிடையாது, செத்தவனுக்கு லீவு கிடையாது.