அவர் கையை எடுத்த கணம்

ஐந்தாவது மாதத்தில் குழந்தை தங்காமல் போன பிறகும் என் கணவர் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். காலையில் கோப்பி கலக்கித் தருவார். கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை காரில் கொண்டுவந்து வேலைக்கு விடுவார். ஆனால் தொடமாட்டார். தவறிக் கை பட்டால்கூட "சாரி" என்பார்.

ஸ்விங் நடன வகுப்பில் எங்கள் இருவரையும் சேர்த்தது நான்தான். என் அலுவலகத்துக்கு அடுத்த கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமை மதியங்களில் நடந்தது. கைகோர்த்துச் சுற்றிவரும் அடிகளை இரண்டு மாதத்தில் ஓரளவு பிடித்துக்கொண்டோம். ஒருநாள் வியர்வை வழிய என் நெற்றியில் முத்தமிட்டார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அப்புறம் தூக்கி ஆடும் பாடம் வந்தது. ஆசிரியையான சீனப் பெண்மணி தடித்த மெத்தையை விரித்தார். பெண் முழங்காலை மடக்கிக் குதிக்க வேண்டும். ஆண் அவள் இடுப்பைப் பிடித்து உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். பாதி பலம் என் குதிப்பில்தான் இருக்கிறது, பயந்தால் கனத்துவிடுவேன் என்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

எட்டு எண்ணியதும் குதித்தேன். கணவரின் கைகள் என் இடுப்பைப் பற்றின. கட்டைவிரல்கள் வயிற்றில் அழுந்தின. நான் காற்றில் இருக்கும்போதே சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

மெத்தையில் விழுந்ததால் அடியில்லை. எழுந்து பார்த்தேன். அவர் சுவரோரம் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. இன்னொரு தடவ ட்ரை பண்ணலாம்."

"முடியலம்மா. வயித்துல கை வச்சதும்… அங்க ஒண்ணும் இல்லன்னு தெரியுது."

குழந்தையைப் பற்றி அவர் வாய்திறந்தது அதுதான் முதல்முறை. அப்போது நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். மாறாக, "எனக்கு மட்டும் தெரியாதா?" என்று கத்தினேன். மற்ற ஜோடிகள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நகர்ந்துபோனார்கள்.

மூன்று வாரம் கழித்து, மேரு என்ற ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குத் துணிமணிகளோடு கிளம்பினார். "உன் மேல கோவம் இல்லம்மா. உன் மொகத்தப் பாத்தாலே புள்ள ஞாபகம் வருது," என்றார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை தனியாக வகுப்புக்குப் போனேன். ஆசிரியை, பந்திங் ஊரிலிருந்து வரும் ஒருவரோடு என்னைச் சேர்த்துவிட்டார்.

"ரெடியா, சிஸ்டர்?" என்றார் அந்த மனிதர்.

குதித்தேன். முன்பின் பழகாத அந்தக் கைகள் தயங்காமல் ஏந்தின. அவர் தலைக்கு மேலே போய், பூப்போல இறங்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரே முயற்சியில் வந்துவிட்டதே என்று ஆசிரியைக்கு அவ்வளவு சந்தோஷம்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தேன். அடுத்த வகுப்புக்காரர்கள் ஏறி வரும்வரை அழுதுகொண்டிருந்தேன்.